அப்பாவின் இரத்தம் ஒளிர்ந்தபோது

தினேஸ்வரிக்கு அப்பா என்றால் ஆரோக்கியம். ராமையா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் ஈப்போவில் ஒரு தொழிற்சாலைக்கு ஜாகாவாக வந்து வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷத்தில் காய்ச்சல், தலைவலி என்று ஒருநாள்கூட எம்.சி. விடுப்பு எடுத்ததில்லை. அப்படிப்பட்ட மனிதரை நம்பாமல் வேறு யாரை நம்புவது, சொல்லுங்கள்!

மகள் செய்துகொண்டிருந்ததும் லேசுப்பட்ட காரியமில்லை. இதயத் தசை அடிபட்டால் ட்ரோபோனின் என்ற புரதம் இரத்தத்தில் கசியும். அதைக் கண்டால் மட்டும் ஒளிரும்படி, கணினியில் வரைந்து வரைந்து ஒரு புதுப் புரதத்தை அவள் கட்டியிருந்தாள். அதற்குள் ஒரு பூட்டு. ட்ரோபோனின் வந்து ஒட்டினால் பூட்டு திறந்து வெளிச்சம் வரும். அந்தப் பூட்டு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை அவள்தான் தீர்மானிப்பாள். நான்கு வருஷம் சோறு தண்ணீர் மறந்து செய்த வேலை அது.

சோதித்துப் பார்க்க நோயில்லாதவர்களின் இரத்தம் வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் ஆளாளுக்கு வீட்டு மனிதர்களைக் கூட்டி வந்தார்கள். தினேஸ்வரி அப்பாவைக் கூட்டி வந்தாள்.

"அப்பா, நெஞ்சு வலி இருக்கான்னு ஃபாரத்துல கேட்டிருக்கு. என்ன போட?"

"எனக்கு என்னா வலி? இல்லைன்னு போடுலா."

மற்ற ஏழு பேரின் இரத்தம் இருட்டாகவே கிடந்தது. ராமையாவின் குழாய் மட்டும் மங்கலாக ஒளிர்ந்தது. மறுபடி செய்தாள், மறுபடியும் ஒளிர்ந்தது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பாவ ஆஸ்பத்திரில ஒரு தடவ செக் பண்ணிரலாமேக்கா," என்றான் கூட ஆய்வு செய்யும் சுரேன்.

"எங்கப்பாவயா? போடா, அவரு கல்லு மாதிரி இருக்காரு. பூட்டுதான் லூசு, ட்ரோபோனின் இல்லாமலே தொறந்துக்குது."

பத்து நாள் உட்கார்ந்து பூட்டை இறுக்கினாள். அப்பாவின் இரத்தத்தில் வெளிச்சம் அணையும்வரை இறுக்கினாள். அணைந்த அன்று எல்லாருக்கும் நாசி லெமாக் பொட்டலம் வாங்கிக் கொடுத்தாள், பாவி மகள்.

அடுத்த வாரம் வேலைக்குக் கிளம்பி, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த ராமையா அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கருமாதி அன்று அம்மா விமலா வந்தவர்களிடமெல்லாம் அழுதாள்.

"இவ செய்யற சாமான் ஒரு மாசம் முன்னாடி முடிஞ்சிருந்தா எம் புருஷன் பொழச்சிருப்பாரு. ரத்தம் குடுக்கப் போன அன்னிக்கே நெஞ்ச அடைச்சிக்கிட்டு இருந்துச்சு. காத்துன்னு சொல்லி இஞ்சித் தண்ணி குடிச்சாரு. புள்ளகிட்ட சொல்லிடாத, நோயாளி ரத்தம்னு திருப்பி அனுப்பிருவா, ஆசையா கேட்டாளேன்னாரு."

தினேஸ்வரி எழுந்து வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அவளால் முடியவில்லை.

"அது அப்பவே வேல செஞ்சிச்சும்மா. அப்பா ரத்தத்துல வெளிச்சம் காட்டுச்சு. நாந்தான் தப்புன்னு நெனச்சு அணைச்சிட்டேன்."

விமலா திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அது காட்டி எத்தன நாளுக்கு அப்புறம்டி அவரு போனாரு?"

"பதினேழு நாளும்மா."

"பதினேழு நாளு எங்கூட உக்காந்து சோறு தின்னாரேடி," என்று விமலா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.