மூச்சு விடலாம் என்றவர்

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டிக்குக் காத்திருந்தபோது செய்தி வந்தது. பொறியாளர் மங்கையர்க்கரசி காலமானார். விழுப்புரம் மருத்துவமனையில் இருந்த அவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். உடலைச் சொந்த ஊரான கிளியனூருக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார்கள். என் வண்டி வந்து, நின்று, போனது.

எங்களுக்கு அவர் மங்கை அக்கா. நிலக்கடலை பயிரிடும் குடும்பம். சென்னையில் எம்.ஆர்.ஐ. இயந்திரங்களுக்கு நிரல் எழுதும் குழுவின் தலைவர். நான் அந்தக் குழுவில் ஒருவன்.

வயிற்றைப் படமெடுக்கும்போது, காதில் ஒலிக்கும் பதிவுக் குரல் சொன்னதும் நோயாளி சில நொடிகள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கல்லீரல் அசைந்து படம் கலங்கிவிடும். விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் மையத்தில் ஒரு பெரியவருக்குத் திரும்பத் திரும்ப எடுத்தும் கலங்கல்தான். என் நிரலில் கோளாறு என்றார்கள். அக்காவும் நானும் போனோம். அக்கா இயந்திரத்தைத் தொடவில்லை. பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“ஐயா, காதுல ‘மூச்சு விடாதீங்க’ன்னு சொல்லிச்சா?”

“சொல்லிச்சும்மா. நான் வாயே தொறக்கலியே. கம்முனு படுத்துக்கினு இருந்தேன்.”

“மூக்கால விட்டீங்களா?”

“மூக்கால வுடாம? செத்துப் பூடுவேன்ல!”

மூச்சு விடாதே என்றால் நம் ஊரில் பேசாதே என்றும்தானே பொருள். பெரியவர் சொன்னபடியே செய்திருக்கிறார். நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். பிறகு நிறுத்திவிட்டார். திரும்பும் வழியில் நான் சொன்னேன்:

“குரல்பதிவ மாத்திட்டாப் போதும்க்கா.”

“மாத்து. மூச்சப் புடிக்கவே முடியாதவங்க இன்னாபா பண்ணுவாங்க? வலிக்கிறவங்க? கொழந்தைங்க? மிஷினுக்காக மனுஷன் ஏன் மூச்ச நிறுத்தணும்? மிஷின் அவங்க மூச்சு கூட வரட்டும்.”

பதிவு மறுநாளே மாறியது. அக்கா வேறொன்றைத் தொடங்கியிருந்தார். நோயாளி இயல்பாக மூச்சு விடட்டும். கல்லீரல் ஏறி இறங்குவதை இயந்திரம் கவனித்து, அது ஒரே இடத்தில் இருந்த கணங்களை மட்டும் சேர்த்துப் படமாக்கட்டும். சில ஆண்டுகள் ஆயின. நிர்வாகம் வேண்டாம் என்றது. ஒருமுறை நானும் சொன்னேன். “சரி, வாணாம்னு சொல்லிக்கினே வேலயப் பாரு,” என்றார். பார்த்தேன். இன்று எங்கள் இயந்திரங்களில் அந்த முறை இருக்கிறது.

பிறகு அவருக்கே வலி வந்தது. அதே மையம். கண்ணாடிக்கு இப்பால் நான். அவரால் மூச்சைப் பிடிக்க முடியவில்லை. பிடிக்க வேண்டியும் இருக்கவில்லை. படம் வந்தது. கட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். அந்த ஒருமுறை, கலங்கியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

வெளியே வந்தவர் கேட்டார். “எப்படி வந்துருக்குது?”

“தெளிவா இருக்குதுக்கா.”

“ஓரம் மங்குதா?”

“இல்ல.”

என் முகத்தையே பார்த்தார். “அப்ப நம்ம வேல சரியாத்தான் இருக்குது. இன்னா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு நிக்கிற? பசிக்குது, வா.”

சாப்பிடும்போது சொன்னார்: “இந்தப் படத்த நம்ம பசங்க சோதிச்சுப் பாக்க வச்சிக்கோ. கையெழுத்துப் போட்டுத் தர்றேன். பேர மட்டும் அழிச்சிடு.”

பெயரை நீக்கி எண்ணிட்ட பிறகுதான் ஒருவரின் படம் எங்கள் பொதுத் தொகுப்பில் சேரும். நான் நீக்கவில்லை. கையே போகவில்லை. போன வாரம் மருத்துவமனையிலிருந்து அழைத்தார்.

“பேர அழிச்சிட்டியா?”

“அழிச்சிட்டேன்க்கா.”

“பொய். படுத்துக்கினே தொகுப்புல தேடிட்டேன், காணோம். ஜல்தி போடுபா.”

“நேர்ல வந்து பேசறேன்க்கா.”

பெயரோடு என்னிடமே இருக்கட்டும் என்று கேட்கத்தான் திண்டிவனத்தில் அன்று வண்டிக்குக் காத்திருந்தேன்.

கிளியனூரில் எல்லாம் முடிந்தது. இன்று காலை அலுவலகத்தில் அந்தக் கோப்பைத் திறந்தேன். பெயர்க் கட்டத்தில், பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். கடைசியில் ‘ம’ மட்டும் நின்றது. சற்று நேரம் நிற்கவிட்டேன். பிறகு அதுவும் இல்லை.

திரையில் யாரோ ஒருவர். கூடவே பதிவான அசைவில் மூச்சு உள்ளே போகிறது. வெளியே வருகிறது.

போட்டுவிட்டேன், அக்கா. போய் வாருங்கள்.