செத்த செல்லும் எட்டுக் குடமும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் வருடக் கோடை. கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே, அம்பத்தூரில் நான் வேலை பார்த்த பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். அதுவரை ஒரு சொட்டுக்கூட அழவில்லை.

"அழுதுடு டீச்சரம்மா, இன்னாத்துக்கு உள்ளயே வச்சிக்கினு கீறே?" என்று பக்கத்து வீட்டுக்காரம்மா தினமும் திட்டினார்.

அன்று பிளஸ் ஒன் தாவரவியல் வகுப்பு. சிவப்பு மையில் நிறுத்திய காசித்தும்பைத் தண்டில் நிறம் மேலேறியிருந்தது. 'தண்ணீரை மேலேற்றும் சைலக் குழாய்கள் உயிருள்ள செல்களால் ஆனவை' என்று கரும்பலகையில் எழுதினேன்.

முதல் பெஞ்சு மாணவி எழுந்தாள். "புக்குல செத்த செல்லுன்னு போட்டிருக்கே டீச்சர்? செத்துப்போனது எப்படித் தண்ணி ஏத்தும்?"

"உள்ள ஒண்ணும் இருக்காதும்மா. அதனாலதான் தடையில்லாம ஏறுது."

'உயிருள்ள' என்பதை அழித்து, 'இறந்த' என்று திருத்தினேன். உள்ளங்கை எரிந்தது. அன்று காலையும் அடிபம்பில் எட்டுக் குடம் அடித்து, வீட்டுக்கு நிரப்பி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.