பூசணிக்காய் உடைக்கத் தகுதியுள்ள நபர்

கல்மண்டபத்து அம்புரோஸுக்கு ஐம்பத்து மூன்று வயது. எர்ணாவூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் பதினாலு வருடமாகக் கான்ட்ராக்ட் ஆள். டிரெய்லர் வந்து நின்றதும் பெட்டியின் நாலு மூலைப் பூட்டையும் திறந்துவிட்டு ஒதுங்க வேண்டும். கிரேன் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும். இது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. ஆனால் அந்தச் சாலை முழுக்க அவரைத் தெரிந்திருந்தது வேறொரு வேலையால். அமாவாசைக்கு அமாவாசை, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, யார்டில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பவர் அவர்தான். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய் நற்கருணை வாங்குகிற கத்தோலிக்கர் இந்த உத்தியோகத்துக்கு எப்படி வந்தார் என்று கேட்டால், அதற்குப் பொறுப்பு கிரேன் டிரைவர் ஜெயவேல்.

அம்புரோஸ் சேர்ந்த வருடம், அதுவரை உடைத்துவந்த ஆள், உடைத்த எட்டாம் நாள் மாடிப்படியில் உருண்டு காலை முறித்துக்கொண்டார். கிரேன்மேல் பட்ட கண்ணெல்லாம் உடைக்கிறவன் தலையில் இறங்குகிறது என்று யார்டு முழுக்க முடிவாகிவிட்டது. அடுத்த அமாவாசைக்குப் பூசணிக்காய் வந்தது, குங்குமம் வந்தது, சூடம் வந்தது. தூக்க ஒரு கை வரவில்லை. எல்லாரும் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வியாசர்பாடி ஜெயவேல் மட்டும் வெகுநேரம் யோசித்துவிட்டு அம்புரோஸிடம் வந்தார்.

"உனுக்குத்தான் வேற சாமியாச்சே மாமு. உன்கிட்ட இது இன்னா பண்ணும்? வயி தெரியாம திரும்பிப் பூடும்."

இந்த வாதத்தை மறுக்க அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. அம்புரோஸ் புது ஆள். முடியாது என்றால் மறுநாள் கேட்டுக்குள் விடுவார்களோ மாட்டார்களோ. தூக்கினார், மூன்று சுற்று சுற்றினார், போட்டார். அந்த வருடம் ஜெயவேல் ஓட்டுகிற மூன்றாம் நம்பர் கிரேனில் ஒரு கம்பிகூட அறவில்லை. பிறகு அவரை விடுவார்களா?

மானேஜரின் புதுக் காருக்கு அவர், கேன்டீன் கிரைண்டருக்கு அவர், ஆபீஸ் ஜெராக்ஸ் மிஷின் காகிதத்தைத் தின்ன ஆரம்பித்தபோது அதற்கும் அவர்தான். கூச்சம் போய்க் கொஞ்சம் கர்வமும் வந்தது. தலைக்கு மேலே தூக்கி ஒரு கணம் நிறுத்துவார். சரியாக நாலு துண்டாகப் பிளக்கும்படி போடுவார். ஐந்தாவது துண்டு சிதறிவிட்டால் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேச மாட்டார். மனச்சாட்சி உறுத்தி ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். நம்பித்தான் உடைக்கிறாயா என்று சாமியார் கேட்டார். இல்லை சுவாமி என்றார். அப்படியானால் அது காய்கறி நறுக்குகிற மாதிரிதான், மூன்று அருள்நிறை மரியே சொல்லிவிட்டுப் போ என்று அனுப்பிவிட்டார். அன்றோடு பயம் போயிற்று. பயம் இல்லாததால்தான் அத்தனை அழகாக உடைத்தார்.

வீட்டில் ஹில்டாவுக்கு இந்தப் புகழில் ஒரு பைசா மரியாதை கிடையாது. அந்த யார்டில் கான்ட்ராக்ட் ஆளுக்குப் பச்சை அட்டை, நிரந்தர ஆளுக்கு நீல அட்டை. நீல அட்டைக்காரர் அறுபது வரை இருக்கலாம். பச்சை அட்டைக்காரரை ஐம்பத்தைந்தில் கான்ட்ராக்டர் கேட்டோடு நிறுத்திவிடுவார், ஒரு வணக்கம்கூட இல்லாமல். அம்புரோஸுக்கு இன்னும் இரண்டு வருடம். நீ பூசணி உடைக்காத மிஷினே அங்கே இல்லை, அந்த நீல அட்டையை வாங்கத் துப்பில்லையா என்று ஹில்டா கேட்காத நாள் இல்லை. அவள் கேட்டதில் தப்பும் இல்லை.

இந்த நேரத்தில்தான் யார்டு கை மாறி வெளிநாட்டுக்காரர்களிடம் போனது. அவர்கள் அனுப்பிய பாதுகாப்பு அதிகாரி ஜெஸ்வின், நாகர்கோவில்காரர், நல்ல மனிதர், எதையும் எழுதிவைக்காமல் தூக்கம் வராதவர். வந்ததும் எல்லார் கழுத்திலும் ஒரு கார்டைத் தொங்கவிட்டார்: பாதுகாப்பில்லை என்று தோன்றினால் வேலையை நிறுத்த எந்தத் தொழிலாளிக்கும் உரிமை உண்டு. அடுத்ததாக, ஆயுத பூஜையன்று பூசணித் துண்டை மிதித்துச் சறுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார்.

பாதுகாப்பு அதிகாரியே விழுந்தால் அதை விபத்து என்று எழுதாமல் முடியுமா? அறிக்கை தலைமை அலுவலகம் போயிற்று. நிறுத்து, இல்லையென்றால் முறைப்படுத்து என்று பதில் வந்தது. நிறுத்துவதாக ஜெஸ்வின் நோட்டீஸ் ஒட்டினார். கிரேன் டிரைவர்கள் ஏழு பேரும் ஏறாமல் கீழேயே உட்கார்ந்து டீ குடித்தார்கள். டிரெய்லர்கள் சாலையில் மூன்று கிலோமீட்டருக்கு நின்றன. மதியத்துக்குள் நோட்டீஸைக் கிழித்துவிட்டு முறைப்படுத்த உட்கார்ந்தார்.

முறைப்படுத்தல் பன்னிரண்டு பக்கம் வந்தது. காய் மூன்று கிலோவைத் தாண்டக் கூடாது. உடைப்பவருக்கு ஹெல்மெட், கண்ணாடி, கையுறை. டீசல் பக்கத்தில் நெருப்புக் கூடாது என்பதால் சூடத்துக்குப் பதில் பேட்டரி விளக்கு. துண்டுகளைத் தொண்ணூறு வினாடிக்குள் அள்ளிவிட வேண்டும். அபாயம் என்ன என்ற கட்டத்தில், ஜெஸ்வின் அரை நாள் யோசித்து, 'கண்' என்று எழுதினார். உடைப்பவர் கம்பெனியின் தகுதியுள்ள நபராக இருக்க வேண்டும் என்றும் எழுதினார். தகுதியுள்ள நபர் நிரந்தர ஊழியராகத்தான் இருக்க முடியும் என்பது கம்பெனி விதி. ஆகவே அம்புரோஸை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்து ஒரு தாளையும் சேர்த்துத் தைத்தார். அன்று ஹில்டா வஞ்சிரம் வாங்கிப் பொரித்தாள்.

ஒரே ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. காய் உடைந்தபிறகு அபாயம் எங்கே போகிறது? அதை ஜெஸ்வின் அம்புரோஸிடமே கேட்டார்.

தெரியாது சார் என்று சொல்லியிருக்கலாம். காற்றில் கரைந்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். பதினாலு வருடத்துக் கர்வம் விடுமா? அம்புரோஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என்கிட்டத்தான் சார் வரும். நான் தாங்கிகினு கீறேன்" என்றார். ஜெஸ்வின் அப்படியே எழுதிக்கொண்டார்.

தலைமை அலுவலகத்தின் பதில் தை மாதம் வந்தது. மிகவும் மரியாதையான பதில். பூசணி முறை ஏற்கப்படுகிறது. பதினாலு வருடப் பதிவேட்டைப் பார்த்தால் பலனும் தெரிகிறது. ஆனால் அபாயம் உடைப்பவரிடம் செல்வதாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. நிரந்தர ஊழியர் எவரையும் தெரிந்தே அபாயத்துக்கு உட்படுத்துவது கம்பெனிக் கொள்கைக்கு விரோதம். ஆகவே இந்தப் பணியைக் கான்ட்ராக்ட் ஆளைக் கொண்டே செய்விக்கவும். மற்றவர்கள் பன்னிரண்டு அடி தள்ளி நிற்க, தரையில் மஞ்சள் வட்டம் போடவும்.

வட்டம் போட்டார்கள். அடுத்த அமாவாசை காலை அம்புரோஸ் ஹெல்மெட்டும் கண்ணாடியுமாக அதன் நடுவில் போய் நின்றார். முன்பெல்லாம் அவர் தோளை உரசிக்கொண்டு நின்று, போடு மாமு என்று கத்தியவர்கள் இப்போது கோட்டுக்கு வெளியே வரிசையாக, அமைதியாக நின்றார்கள். காயைத் தலைக்கு மேலே தூக்கினார். வழக்கம்போல ஒரு கணம் நிறுத்தினார். கை இறங்கவில்லை. சாமியார் காய்கறி என்றது, தான் நம்பவில்லை என்றது எல்லாம் வாய்ப்பேச்சுதானே. இது அச்சடித்து, முத்திரை குத்தி, இரண்டு தேசத்து அதிகாரிகள் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறது. அவர்கள் படிக்காதவர்களா? ஹில்டாவுக்குப் போன வருடம் வந்த கட்டி நினைவுக்கு வந்தது, அதற்கு முந்தின வருடம் முழுகிய படகில் போன மச்சான் நினைவுக்கு வந்தான். இத்தனை நாளாக அது வழி தெரிந்துதான் வந்துகொண்டிருந்ததா?

காயை மெல்லக் கீழே வைத்தார். கழுத்துக் கார்டை எடுத்து ஜெஸ்வினிடம் காட்டினார்.

"எனுக்கு பயமா கீது சார். வேலைய நிறுத்திக்கிறேன்."

ஜெஸ்வின் அச்சடித்த கார்டு. அவரால் மறுக்க முடியவில்லை. காய் உடையாமல் டிரைவர்கள் ஏறவில்லை. பத்து மணிக்கு டிரெய்லர்களின் ஹாரன் திருவொற்றியூர்வரை கேட்டிருக்கும். மானேஜர் இறங்கி வந்தார். வெளிநாட்டில் படித்தவர். இதெல்லாம் மூடநம்பிக்கை, நானே உடைக்கிறேன் என்று கோட்டைத் தாண்டப் போனவர், ஒரு நிமிஷம் என்று தள்ளிப் போய் அம்மாவுக்குப் போன் போட்டார். திரும்பி வந்து, என்னதான் வேண்டும் உனக்கு என்று அம்புரோஸைக் கேட்டார்.

அந்த வரியை அடிங்க சார் என்றார் அம்புரோஸ். என்னிடம் ஒன்றும் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் நீல அட்டைக்கும் தடை இல்லையே.

அவர் சொன்னதில் ஒரு ஓட்டை இல்லை. மானேஜர் வரியை அடித்தார், பக்கத்தில் கையெழுத்துப் போட்டார், காரின் பானெட்மேல் வைத்து நிரந்தர உத்தரவிலும் கையெழுத்துப் போட்டார். அம்புரோஸ் உத்தரவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு காயைத் தூக்கிப் போட்டார். நாலு துண்டு, அளந்து வெட்டின மாதிரி. அவர் வாழ்நாளில் அப்படி உடைத்ததில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

ஜெயவேல் மட்டும் ஏறவில்லை. ஏணிக்குக் கீழே நின்று மேலே கேபினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன்கிட்ட வர்லன்னு நீங்களே கையெழுத்துப் போட்டீங்க சார். அப்ப அது எங்க பூட்ச்சி? மேல என் சீட்லதான் குந்திகினு கீது."

ஹாரன் சத்தத்துக்கு நடுவில் இதைக் கேட்ட ஆறு டிரைவர்களும் மறுபடி உட்கார்ந்தார்கள். இன்னொரு காய் ஸ்டோரில் இருக்கிறது என்றார் ஜெஸ்வின். மானேஜர் அம்புரோஸின் சட்டையைப் பார்த்தார். கால் மணி நேரத்துக்கு முன்னால் கொடுத்த உத்தரவைத் திருப்பி வாங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. அம்புரோஸுக்கு அது புரிந்தது: அதைத் தாங்குகிறவன் பச்சை அட்டையாகத்தான் இருக்க வேண்டும். பச்சை அட்டைகள் நின்ற பக்கம் திரும்பினார். எர்ணாவூர் குடியிருப்பிலிருந்து வருகிற அத்தாவுல்லா அங்கே நின்றார். நாற்பது வயது, மூன்று பிள்ளைகள், வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்.

யாரும் அம்புரோஸை அனுப்பவில்லை. அவராகத்தான் காயை எடுத்துக்கொண்டு போனார்.

"உனுக்கு வேற சாமிதான பாய். உன்கிட்ட இது இன்னா பண்ணும்?"

அத்தாவுல்லா காயைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"உனுக்கும் வேற சாமிதான ண்ணே. நீ ஏன் கீய வெச்ச?"

அம்புரோஸுக்கு வெட்கம் காது நுனிவரை சுட்டது. சட்டைக்குள் இருந்த தாள் வியர்வையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. காயை நீட்டிய கையை மட்டும் அவர் மடக்கவில்லை. ஒன்பது நாள் ஆள் எவ்வளவு நேரம்தான் நிற்க முடியும்? அத்தாவுல்லா வாங்கிக்கொண்டு வட்டத்துக்குள் போனார். அம்புரோஸ் தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார், வாரையும் இழுத்துச் சரிசெய்தார். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

பிறகு வெளியே வந்து மானேஜருக்குப் பக்கத்தில் நின்றார். அம்புரோஸ், கால் கோட்டின்மேல் இருக்கிறது, ஒரு அடி தள்ளி நில்லுங்கள் என்றார் ஜெஸ்வின். அம்புரோஸ் இரண்டடி தள்ளி நின்றார்.