லேகிய விளம்பரத்தில் ஒரு பிஞ்சுக் கால்

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆடியில், கர்க்கடக மழை விடாமல் பெய்துகொண்டிருந்த மாதம் அது. திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் வீட்டு அடுக்களையில்தான் எல்லாம் தொடங்கியது. பிரசவ லேகியம் கிளறி விற்பது என் தொழில். தொழில் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தே அப்போது ஆறு மாதம்தான். ஆரியசாலைக் கடையில் சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் வாங்கி, காயவைத்து, இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் போட்டு நெய் விட்டு உருளியில் கிளறுவேன்.

வெளியே மழை, உள்ளே சுக்கும் வெல்லமும் கலந்த ஆவி. கிளறக் கிளற எனக்குக் கண் திறந்திருக்கும்போதே கனவு வரும். நான் அப்படி ஒரு ஜன்மம். பெயர் தெரியாத ஊர்களில், முகம் தெரியாத பெண்கள் என் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டே கரண்டியை ஓட்டுவேன். நிஜத்தில் எங்கள் தெருவைத் தாண்டி என்னை யாருக்கும் தெரியாது. தெருவில் வருஷத்துக்கு இரண்டு பிரசவம் நடந்தால் அதிகம். வெளியே நாலு பேருக்குத் தெரியாவிட்டால் உருளியைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான்.

அதனால் சமூக வலைதளத்தில் ஒரு பக்கம் தொடங்கி, விளம்பரம் எழுதினேன். "பிள்ளை பெற்று உடம்பு ஊதிவிட்டதா? வயிறு தொங்குகிறதா? இடுப்பு விட்டுப்போகிறதா?" அரை மணி நேரத்தில் நிராகரித்துவிட்டார்கள். சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது என்று, "முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கிறது?" என்பதையும் சேர்த்து அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. மறுபரிசீலனை கேட்டேன். முடியாது என்றார்கள்.

ஆபீஸிலிருந்து வந்த என் கணவர், அவர்கள் இங்கிலீஷில் எழுதியிருந்த காரணத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். படிக்கிறவரின் உடம்பில் இன்ன குறை இருக்கிறது என்பதுபோல விளம்பரம் பேசக் கூடாதாம்.

"தெருவுல போறவாளை நிறுத்திவச்சு நீ கேக்கறதையெல்லாம் அப்படியே எழுதியிருக்கே, கேட்டியா? மிஷினுக்கே பொறுக்கலை," என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! எங்கள் தெருவில் ஒருத்தியைப் பார்த்ததும் 'என்னடி இப்படி இளைச்சுட்டே' என்று கேட்காவிட்டால்தான் குற்றம். அதை அக்கறை என்றுதான் நாங்கள் நினைத்திருக்கிறோம். ஒரு மிஷின் எனக்கு மரியாதை கற்றுக்கொடுக்கிறதா என்று இரண்டு நாள் பொருமிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் தந்திரமாக ஒன்று செய்தேன். சொந்தத்தில் ஒரு குழந்தையின் காலைச் சிவப்புப் பட்டில் வைத்துப் படம் பிடித்தேன். "குட்டிக் கால் வீட்டுக்கு வந்தாச்சு. அம்மாவுக்கு மருந்து வந்தாச்சா?" என்று அதன் கீழே எழுதினேன். குழந்தைச் சாமான் தேடுகிற பெண்களுக்கெல்லாம் இதைக் காட்டு என்றும் குறித்து அனுப்பினேன். உடனே அனுமதி கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பிஞ்சுக் கால் ஊர் ஊராக நடந்து போவதுபோல் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், பாகு பதம் வருகிற நேரத்தில் போன் அடித்தது. ஒரு சின்னப் பெண்ணின் குரல். களியக்காவிளைப் பக்கத்துத் தமிழ்.

"லேகியம் விக்கிற சேச்சியா?"

"ஆமாம்மா. எத்தனை நாள் ஆச்சு? குழந்தை ஆணா, பொண்ணா?" என்றேன், வழக்கம்போல, மூச்சு விடாமல்.

அவள் பக்கமும் மழை பெய்வது மட்டும் கேட்டது.

"நாப்பத்தாறு நாளாச்சு சேச்சி. பிள்ளை இல்ல. ரெண்டாம் நாளே போயிட்டு." பிறகு கேட்டாள்: "பிள்ளை இல்லாதவங்க இதச் சாப்பிடலாமா?"

கரண்டி என் கையில் நின்றுபோயிற்று.

அவளே மெதுவாகச் சொன்னாள். விழிஞ்ஞத்தில் வீடு. கணவனுக்குத் துறைமுகத்தில் வேலை. ஊரிலிருந்து அவளுடைய அம்மா பிரசவ மருந்துக்கு வேண்டியதெல்லாம் இடித்துப் பொடித்துக் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருந்தாராம். குழந்தை போனபிறகு அதை யாரும் எடுக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். அம்மாவும் அழுதுகொண்டே ஊருக்குப் போய்விட்டார். "இடுப்பு ஒடியற மாதிரி வலி உண்டு சேச்சி. மருந்து வேணும்னு கேக்க நாணமா இருந்து. இப்ப போனைத் தொறந்தா அந்தக் கால்தான் வருது."

பாகு அடிப்பிடித்துத் தீய்ந்த வாசனை வந்தது. அடுப்பை அணைத்தேன். அவளிடம் என்ன சொன்னேன் என்று சத்தியமாக நினைவில்லை. நாளை வருகிறேன் என்று விலாசம் வாங்கிக்கொண்டேன். போனை வைத்த கையோடு விளம்பரத்தை நிறுத்தினேன். எத்தனை பேர் அந்தக் காலைப் பார்த்திருப்பார்கள், அதில் இவளைப்போல் எத்தனை பேரோ. மிஷினை ஏமாற்றிவிட்டதாகப் பெருமைப்பட்டேனே, வெட்கமாக இருந்தது.

மறுநாள் உருளியை மடியில் வைத்துக்கொண்டு விழிஞ்ஞம் பஸ்ஸில் போனேன். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். துறைமுகத்துக் கிரேன்கள் அந்த மங்கலில் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. விழித்திருக்கிறேனா என்றே சந்தேகமாக இருந்தது.

கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் 'ஐயோ, இப்படி ஆயிட்டியே' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அதை விழுங்கினேன். "டாக்டர்ட்ட கேட்டுண்டியா?" என்று மட்டும் கேட்டேன். கேட்டாளாம், சாப்பிடலாம் என்றாராம். பிறகு அலமாரியிலிருந்து அவளுடைய அம்மாவின் பொட்டலத்தை எடுக்கச் சொன்னேன். பழைய துணியில் முடிந்து வைத்திருந்தார், பொடி நல்ல காரம். அவள் அடுக்களையில், அவள் அடுப்பில் வைத்தே கிளறினேன். அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நெய் பிரிந்து மணம் எழுந்ததும் அழ ஆரம்பித்தாள். நான் கிளறுவதை நிறுத்தவில்லை, எனக்கும் கண் மறைத்தது.

ஆறியதும் நெல்லிக்காய் அளவு உருட்டி அவள் கையில் கொடுத்தேன். வாயில் போட்டு, காரத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டே சொன்னாள்:

"பெண் பிள்ளை சேச்சி. தலை நிறைய முடி உண்டு. நீங்க ஒராள்தான் கேட்டீங்க. வேற யாரும் கேக்கல."

ஆணா, பொண்ணா என்று போனில் கேட்டதற்காக நான் வெட்கப்பட்டுக் கூசிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் வரை அவள் மகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் வாழ்ந்த குழந்தையைப் பற்றிப் பேச அவளுக்கு அவ்வளவு இருந்தது.

வீட்டுக்கு வந்து புது விளம்பரம் போட்டேன். உருளியின் படம், கீழே 'பெற்றவளுக்கு' என்று ஒரே சொல். யாரும் அதை நிராகரிக்கவில்லை. இன்று என் லேகியம் தெரியாத ஊர்களுக்கெல்லாம் போகிறது. போனில் கூப்பிடுகிற பெண்களிடம் முதலில் அவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, மற்றதை அவர்களே சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பின் மௌனத்தில் ஒவ்வொரு தடவையும், தலை நிறைய முடியோடு நான் பார்க்காத ஒரு குழந்தை என் கண்முன் வந்துவிட்டுப் போகிறது.