பத்தாவது பெயரைத் தேடி தெலுக் பங்லிமா காராங் வரை

கிள்ளான் பக்கம் பழந்துணிக் கடைகளுக்கு எப்படிப் போவது என்று மூன்று பேர் கேட்டு எழுதிவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பதிவு. இல்லையென்றால் இந்தப் பயணத்தைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தெலுக் பங்லிமா காராங்குக்கு ஒரே ஒரு பழைய கூடைப்பந்து ஜெர்சிக்காகப் போய்வந்தேன். அரை நாள் வேலை. ரயில், கார் எல்லாம் சேர்த்து ஐம்பத்தெட்டு ரிங்கிட் ஆனது.

பங்சாரில் இப்போதைய வேலைக்கு வருமுன் கிரேக்க நாட்டில் ஒரு கப்பல் நிர்வாக அலுவலகத்தில் மூன்று வருடம் இருந்தேன். பக்கத்து மேசை நிக்கோஸ் சனிக்கிழமைதோறும் அவனுடைய ஊர்க் கிளப்பின் கூடைப்பந்து ஆட்டத்துக்கு என்னை இழுத்துப் போவான். கிளப்பின் பெயரை எழுதப்போவதில்லை. இப்போதைய நிர்வாகத்துக்கு என் செலவில் விளம்பரம் வேண்டாம்.

கடலுக்கு அக்கரையிலிருந்து அகதிகளாக வந்து இறங்கியவர்கள் ஆரம்பித்த கிளப் அது. மண் தரையில், மரக்கம்பத்தில் இரும்பு வளையம் மாட்டி ஆடியிருக்கிறார்கள். எண்பதுகளில் ஒரே ஒரு கோப்பை ஜெயித்தார்கள். பிறகு தொழில்முறை அணியானது, ஒரு பணக்காரர் வந்தார், ஆட்டம் போட்டார், போய்விட்டார். கிளப் திவால். முதல் பிரிவில் ஆடும் உரிமையைக்கூட வேறொரு ஊருக்கு விற்றார்கள். ரசிகர்கள்தான் கடைசிப் பிரிவிலிருந்து மறுபடி மேலே தூக்கி வந்தார்கள். தூக்கி முடித்ததும் புது முதலாளி ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டார். பல்லக்குத் தூக்குகிறவன் ஒருவன், ஏறி உட்காருகிறவன் வேறொருவன் என்பது எல்லா ஊருக்கும் பொது போலிருக்கிறது.

அந்தப் புது முதலாளி இணையதளத்தில் ‘நம் வரலாறு’ என்று ஒரு பக்கம் போட்டார். கோப்பை ஜெயித்த அணியில் பத்துப் பேர் இருந்தார்கள். பக்கத்தில் ஒன்பது பெயர்தான் இருந்தது. விட்டுப்போன பத்தாவது ஆள் நிக்கோஸின் அப்பா. இறுதி ஆட்டம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். பத்திரிகைகள் புள்ளி எடுத்தவர்களை மட்டும் போட்டன. அலுவலகக் காகிதங்கள் திவாலான காலத்தில் நிலவறையில் ஊறி அழிந்தன. உயிரோடிருக்கும் மற்ற ஆட்டக்காரர்கள் இருவருக்கும் நினைவு தெளிவாக இல்லை. நிக்கோஸ் எழுதிக் கேட்டதற்கு, ஆதாரம் கொண்டுவாருங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது, இரண்டு முறை மாரடைப்பு வந்தவர். சாவதற்குள் அந்தப் பக்கத்தில் தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த பிடிவாதம்.

ஆதாரம் என்று உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அணித்தலைவரின் ஒன்பதாம் எண் வெள்ளை ஜெர்சி. கோப்பை வாங்கிய அன்று அதன் முதுகில் பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தலைவர் போன வருடம் இறந்தார். வீட்டைக் காலி செய்த உறவினர்கள் துணிமணிகளைத் தெருமுனைச் சேகரிப்புப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். வரலாறு அவ்வளவுதான்.

ஐரோப்பாவின் பழந்துணி கண்டெய்னர் கண்டெய்னராகக் கிள்ளான் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. சுற்றுவட்டாரக் கிடங்குகளில் பொதியைப் பிரித்துத் தரம் பிரிக்கிறார்கள். இங்கே பழந்துணிக் கடைகளுக்கே ‘பண்டல்’ என்றுதான் பெயர். கைப்பேசி நேரலையில் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி விற்பார்கள். நிக்கோஸுக்காக எட்டு மாதம் இந்த நேரலைகளைப் பார்த்தேன். வைக்கோற்போரில் ஊசி தேடும் வேலை என்று எனக்கே தெரியும். ஒரு புதன்கிழமை மாலை ஊசி கிடைத்தது. மாலா என்ற பெண் அந்த ஜெர்சியைத் தூக்கிக் காட்டினார். கிரேக்க எழுத்து, ஒன்பதாம் எண். முதுகைத் திருப்பினார். நீல மை.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. அது என்ன என்று தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவார் என்று பயந்தேன். பொருளில் நொட்டை சொல்லாமல் பேரம் பேசினால் எங்கள் குடும்பத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். அறுபது ரிங்கிட் என்றார். நான் எழுதினேன்: “பின்னாடி முழுக்க மைக் கறை. யார் வாங்குவா? நாப்பதுன்னா எடுத்துக்கறேன்.” பதில் உடனே வந்தது: “ஓகே லா அண்ணே. சனிக்கிழமை கடைக்கே வாங்க, எடுத்து வைக்கிறேன்.”

இருபது ரிங்கிட் மிச்சம் பிடித்த மகிழ்ச்சியில் நிக்கோஸை அழைத்துச் சொன்னேன். அவன் அழுதான்.

சனிக்கிழமை காலை எட்டேகால் ரயிலை சென்ட்ரல் நிலையத்தில் பிடித்தேன். கிள்ளானுக்கு ஒரு மணி ஐந்து நிமிடம், ஐந்து ரிங்கிட். குளிர்சாதனம் எலும்பு வரை போகும், சட்டைக்கு மேல் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து கடை பதினெட்டுக் கிலோமீட்டர். பேருந்தை நம்பினால் மதியமாகிவிடும், செயலியில் கார் போடுங்கள். எனக்கு இருபத்துநான்கு ரிங்கிட் ஆனது. ஓட்டியவர் நம்மவர்தான், அறுபது வயதிருக்கும்.

“பழைய சட்டை வாங்கவா இவ்ளோ தூரம், boss?” என்றார்.

“ஒரு கிரேக்கக்காரரோட கூடைப்பந்து ஜெர்சி, அங்கிள். அவர் செத்துட்டார்.”

“செத்தவரு சட்டைன்னு கடையில சொல்லிப் பாருங்க. சும்மாவே குடுத்துருவாங்க லா.”

சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்தது அதோடு சரி.

தொழிற்பேட்டை ஓரத்தில் தகரக் கூரைக் கிடங்கு. பொதிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. சுவரில் ‘கறையோடு சட்டை கொடுக்க மாட்டோம்’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். மாலா முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு, பிளாஸ்டிக் உறையில் இஸ்திரி போட்டு மடித்த சட்டையோடு வந்தார்.

“அண்ணே, நீங்க கறைன்னு சொன்னீங்க தானே, எனக்கு மனசு கேக்கல. ஸ்பிரிட் தொட்டுத் தேச்சேன், பாதிதான் போச்சு. அப்புறம் ரெண்டு ராத்திரி வெளுப்பு மருந்துல ஊற வெச்சேன். இப்பப் பாருங்க, ஒரு புள்ளி இல்ல.”

பிரித்துப் பார்த்தேன். பால் மாதிரி வெள்ளை.

“அது கையெழுத்து மாலா. பத்துப் பேரோட கையெழுத்து.”

அவர் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கைப்பேசியை எடுத்து நான் அனுப்பியதைத் தேடிக் காட்டினார். “நீங்கதானே அண்ணே கறைன்னு எழுதுனீங்க? சொல்லியிருந்தா ஃப்ரேம் போட்டே குடுத்திருப்பேன் லா.”

காசு வேண்டாம் என்றார். அறுபதைக் கையில் திணித்துவிட்டு வந்தேன். அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். மூன்று நாளில் ஒரு வரி, ‘கை வைக்காதீர்கள்’ என்று ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை. நேரலையும் பதிவாகவில்லை, திரையைப் படம் பிடித்து வைக்கவும் இல்லை.

போகிறவர்களுக்கான குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படிப்பவர்கள் குறைவு. கடை பத்து மணிக்குத் திறக்கும். சனிக்கிழமை பதினொன்றுக்குமேல் கூட்டம். தண்ணீரும் முகக்கவசமும் கொண்டுபோங்கள், தூசி அதிகம். திரும்புவதற்குக் கார் கிடைக்கக் கால் மணி ஆகும். முக்கியமாக, எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். விலை ஏறினால் ஏறட்டும்.

கிள்ளான் ரயில் நிலையப் பெஞ்சிலிருந்து, நண்பகல் பன்னிரண்டரைக்கு, நிக்கோஸைக் காணொளியில் அழைத்தேன். அங்கே அதிகாலை. அவன் அப்பா சவரம் செய்து கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், பேரத்தையும் சொன்னேன். நிக்கோஸ் அதை அப்பாவுக்குக் கிரேக்க மொழியில் சொல்லிக்கொண்டே வந்தவன், பேரம் வந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தான். அப்பா சட்டையின் முதுகுப்பக்கத்தைக் காட்டச் சொன்னார். விரித்துப் பிடித்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மகனிடம் ஏதோ கேட்டார். நிக்கோஸ் அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. என்ன கேட்கிறார் என்றேன்.

“‘நான் உண்மையிலேயே அந்த அணியில் இருந்தேனா’ என்று கேட்கிறார்.”

இருந்தார் என்று சொல் என்றேன். கிழவர் என்னை நேராகப் பார்த்து இன்னொன்று கேட்டார். இந்த முறை நிக்கோஸ் உடனே சொன்னான்.

“என் பெயரை நீ படித்தாயா?”

நான் படிக்கவில்லை. ஜெர்சி திரையில் இருந்த அரை நிமிடமும் எவ்வளவு குறைக்கலாம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.