மேஜை மணி

என் மகள் ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பகுதிநேரப் பட்டாளத்துக்கு நேர்முகத் தேர்வு. ஐடி வேலையை விடாமலே ஆண்டுக்கு இரண்டு மாதம் முகாமுக்குப் போவாளாம்.

"ஏன்டி?" என்றேன்.

"தெரியலம்மா. போகணும்னு தோணுது."

கறுப்புப் பாலீஷின் வாசனை என்னை நான் வளர்ந்த ஜீவனஹள்ளி வீட்டில் கொண்டுபோய் விட்டது. அப்பா ஒரு கம்பெனியில் பியூன். ஆண்டுக்கு இரண்டு மாதம் இதே பட்டாளத்தில் ஹவில்தார். ஏன் போகிறீர்கள் என்றால் அம்மாவிடம் பட்டாளக் கேன்டீனில் மலிவாகக் கிடைக்கும் சாமான் என்பார், பக்கத்து வீட்டில் தேசம் என்பார். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை.

ஒரு வருஷம் அவருடைய ஆபீஸ் கிளார்க்கும் புதுச் சிப்பாயாக அந்த முகாமுக்குப் போனார். அங்கே ஹவில்தாரான அப்பா சொன்னதைத்தான் அவர் கேட்க வேண்டும். இருவரும் திரும்பிய வாரம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். மேஜை மணியை அடித்துத்தான் அப்பாவைக் கூப்பிடுவார் அந்தக் கிளார்க். அன்று மணிமேல் வைத்த கையை எடுத்துவிட்டு, அப்பாவின் ஸ்டூல்வரை நடந்து வந்தார்.

"ஒரு டீ கிடைக்குமா, ஹவில்தார் சாப்?"

"கொண்டாறேன் சார், நீங்க உக்காருங்க."

டீ வாங்கக் கெட்டிலோடு அப்பா படியிறங்கும்போது கூடப் போய்க் கேட்டேன். "இதுக்குத்தான் போறீங்களாப்பா?"

"சே, இப்படி நடக்கும்னு எனக்கே தெரியாதே" என்றார். ஆனால் கெட்டிலை வீசி வீசி நடந்தார்.

பதினைந்து நாள் கழித்து நான் சாப்பாடு கொண்டுபோனபோது மணி மறுபடி அடித்தது. அப்பா எழுந்து ஓடினார். அன்று மாலையே காலண்டரில் அடுத்த முகாம் தேதியைத் தேடினார்.

மகளிடம் கேட்டேன். "உங்க ஆபீஸ்ல உன்னை எப்படிடி கூப்பிடுறாங்க?"

பிரஷ் நின்றது.