முதல் முட்டையும் இரண்டாவது முட்டையும்

எனக்கும் பார்த்திருந்த பெண்ணுக்கும் இது இரண்டாவது கலியாணத்துக்கான பேச்சு. அஜக்ஸில் என் அக்கா வீட்டில் சந்திக்க ஒழுங்கு செய்திருந்தார்கள்.

"தம்பி, பழைய கலியாணத்தைப் பற்றி வாய் திறக்கப்படாது. விளங்குதே?" என்றா அக்கா.

"ஓம்."

அக்கா பயப்படத் தேவையில்லை. நான் எதைப் பற்றியும் வாய் திறக்கிறவன் இல்லை.

அவ தமையனோடு வந்தா. அரை மணித்தியாலம் நான் தட்டில் இருந்த பற்றீசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தமையன் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"வேலை முடிஞ்சு வந்து என்ன செய்யிறனீர்?"

"ரீவி பாக்கிறனான்."

"என்ன, நியூஸோ?"

"பென்குயின்."

வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேஸ்மென்டில் இருக்கிறேன். மேல் வீட்டில் கைக்குழந்தை. அதனால் சத்தத்தை நன்றாகக் குறைத்துத்தான் பார்ப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த ஆங்கிலம் ஓடாது. ஆனால் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். விளங்கிவிடும்.

"எந்தப் பென்குயின்?" என்று அவ கேட்டா. அன்று அவ பேசிய முதல் பேச்சு.

சொன்னேன். பாறைக்குப் பாறை துள்ளுகிற சின்னச் சாதி. சிவந்த கண். புருவத்திலிருந்து மஞ்சள் மயிர் நீட்டிக்கொண்டு நிற்கும், சீப்புக் கிடைக்காத ஆள் மாதிரி. கூனி இறாலும் கணவாயும் தின்னும். இரண்டு முட்டை இடும்.

"முதல் முட்டை சின்னன். அநேகமாக உருண்டு போயிடும், பொரிக்காது. ரெண்டாவதுதான் பெருசு. அதைத்தான் வளர்க்கும்."

அக்கா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. தமையன் யன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே கராஜ் கதவு மட்டும்தான் இருந்தது.

"பிறகு?" என்றா அவ.

"குஞ்சு பொரிச்சாப்பிறகு ஆம்பிளை வீட்டில நிண்டு காவல் பாக்கும். பொம்பிளை கடலுக்குப் போய்ச் சாப்பாடு கொண்டு வரும்."

"அதுவரைக்கும் ஆம்பிளை என்ன சாப்பிடும்?"

"ஒண்டும் சாப்பிடாது."

அவ பற்றீஸ் ஒன்றை எடுத்தா.

"எனக்கு நைட் வேலை. பகலில நித்திரை கொள்ளோணும். ரீவிச் சத்தம் இருக்கப்படாது."

"இருக்காது."

"கணவாய் கழுவத் தெரியுமோ?"

"ஓம்."

அவர்கள் போனதும் அக்கா கேட்டா, "கதைக்க உனக்கு வேற சாமானே கிடைக்கேல்லையோ?"

பதில் சொல்லுமுன் அக்காவின் போன் அடித்தது. அவவின் தமையன்தான். அக்கா ஸ்பீக்கரில் போட்டா. அவர்களுடைய கார் இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

"தங்கச்சிக்கு ஓமாம்," என்றார். "ஆனா தம்பியை அந்தத் தலைமயிரை ஒருக்கா வெட்டச் சொல்லட்டாம்."